நாகசாகி சிஸ்டருடன் பள்ளிபாளையம் வரை

எனக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று பினாங்கில் எங்கள் பங்கில் ஒரு வதந்தி உண்டு. குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஜப்பானியத் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடத்துக்கும் மேலாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். மொழியும் அங்கே கற்றதுதான். 'இந்தத் திருகு தளர்ந்திருக்கிறது', 'இதே தவறு மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள்?' போன்ற வாக்கியங்களைத் தூக்கத்தில்கூடப் பிழையில்லாமல் சொல்வேன். ஆன்மா, மனசாட்சி, மீட்பு ஆகியவற்றை எங்கள் தொழிற்சாலை தயாரிக்கவில்லை.

ஆகவே, நாகசாகியிலிருந்து ஒரு கன்னியாஸ்திரீ அணு ஆயுத ஒழிப்பைப் பற்றிப் பேச சேலம், நாமக்கல் பக்கத்துப் பங்குகளுக்குப் போகிறார், கூடப் போக ஜப்பானிய மொழியும் தமிழும் தெரிந்த கத்தோலிக்கர் வேண்டும் என்று எங்கள் பங்குத்தந்தை வந்து கேட்டபோது, வேறு ஆளே இல்லையா என்றேன்.

"தேடிப் பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்" என்றார்.

தமிழ்நாட்டுக்குப் போகும் மலேசியத் தமிழர்கள் வேரைத் தேடிப் போவதாகச் சொல்வது வழக்கம். என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம். சேலத்தில் எனக்கு ஒரு சித்தப்பாகூட இல்லை. எனக்கு நாகசாகியும் ஒன்றுதான், நாமக்கல்லும் ஒன்றுதான். இரண்டுமே வெளிநாடு.

சேலம் ரயில் நிலையத்தில் சிஸ்டர் ஹாருகோ எனக்கு முன்பே வந்து, தன் உயரத்தில் பாதி இருந்த முதுகுப்பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். தரவில்லை. எங்களை அழைத்துப் போக வந்த ஃபாதர் அருளும் கை நீட்டினார். அவருக்கும் தரவில்லை. வேன் ஓட்டுநர் பழனிசாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏனுங்க சார், சைனாவுங்களா?" என்று என்னிடம் கேட்டார். ஜப்பான் என்றேன். "அப்பச் சரிங்க" என்றார். எது சரி என்று சொல்லவில்லை.

எங்களை இறக்கிவிட்ட கன்னியர் மடத்தில் நான் முதலில் பேசிய வார்த்தையே உள்ளூர்க்காரர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. மடத்துச் சமையலறையில் இருந்த பெண்ணிடம், "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்பது. அவர் ஒரு நிமிடம் யோசித்து, "ரொம்பப் பசிக்குதுங்களா சார்?" என்று நாலு தோசை வைத்துவிட்டார். விளக்கம் சொல்வதைவிடச் சாப்பிடுவது சுலபமாக இருந்தது.

சாயங்காலம் கூட்டத்துக்கு முன் ஃபாதர் எங்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். சேலத்துக்காரர்கள் தட்டுவடை செட் என்று ஒன்று சாப்பிடுகிறார்கள். இரண்டு சின்னத் தட்டைகளுக்கு நடுவே சட்னி தடவி, துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம் வைத்துக் கையில் கொடுக்கிறார்கள். ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட முயன்றால் பீட்ரூட் சட்டையில் விழும். எனக்கு விழுந்தது. சிஸ்டர் கைகூப்பி வணங்கி, ஒரே வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். பினாங்கில் நாங்கள் எங்கள் சாப்பாட்டைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுவோம். சேலத்துக்காரர்கள் இதை வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்லாமல் இருக்கிறார்கள்.

கூட்டம் பள்ளிக்கூட வகுப்பறையில். சிஸ்டர் தன் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் நிறுத்தினார். மரத்தில் செய்த மாதா சொரூபத்தின் தலை. குண்டு விழுந்த பிறகு இடிந்த பேராலயத்தில் அந்தச் சொரூபத்தில் கிடைத்தது தலை மட்டும்தான் என்றார். ஒரு கன்னம் கரிந்திருந்தது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கருப்புக் குழிகள். அன்று அந்தக் கோவிலில் இருந்தவர்கள் மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்குத் தயாராகக் குருவிடம் தங்கள் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவர்கள் என்றும், உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை என்றும் சொன்னார். ஆகஸ்ட் மாதத்தில் அதே திருநாளுக்கு அதே மாதிரி வரிசையில் நிற்பவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் ஒரு பெண் வந்து தன் தலையிலிருந்த மல்லிகையில் ஒரு துண்டு கிள்ளிப் படத்துக்கு வைத்தார்.

பிறகு கேள்விகள். ஜப்பானில் ரயில் தாமதமாக வருவதே இல்லையாமே, உண்மையா? பச்சை மீனைச் சாப்பிட்டால் வயிறு ஒன்றும் செய்யாதா? மூன்றாவதாக, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுந்தார். "நாம வச்சுக்கலன்னா பக்கத்து நாட்டுக்காரன் நம்ம மேல போட்டுருவானே, அதுக்கு சிஸ்டர் என்ன சொல்றாங்க?"

நான் மொழிபெயர்த்தேன். சிஸ்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "எங்கள் நாடும் அப்படிச் சொல்லித்தான் ஆயுதம் செய்தது. சீனாவில், கொரியாவில் நாங்கள் செய்தவற்றைப் பற்றிக் கேட்டாலும் சொல்வேன். குண்டு விழுந்த ஊர் என்பதால் நாங்கள் நல்லவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்."

தபால்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டை போட ஆயத்தமாக வந்தவருக்கு எதிராளி நாற்காலி எடுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

எனக்கும் ஒரு கேள்வி வந்தது. மலேசியாவில் திருச்சபை இதைப் பற்றி என்ன செய்கிறது? எங்கள் நாட்டில் அணுகுண்டு கிடையாது, எதிர்க்கும் உடன்படிக்கையில் நாடே கையெழுத்துப் போட்டிருக்கிறது என்றேன். இல்லாததை எதிர்ப்பது சுலபம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

மறுநாள் நாமக்கல்லுக்குக் கிளம்பினோம். வழியில் பனமரத்துப்பட்டி ஏரியைக் காட்டாமல் விட மாட்டேன் என்றார் ஃபாதர். ஏரி மிகப் பெரியது. தண்ணீர் அந்த அளவுக்கு இல்லை. சிஸ்டர் கரையில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்றார். ஜப்பானியர்கள் எதைக் காட்டினாலும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்கு இருபது வருடமாகத் தெரியும். ஃபாதரிடம் அதைச் சொல்லவில்லை.

புதுச்சத்திரத்தை நெருங்கும்போது வேனிலிருந்து கருகிய ரப்பர் வாசனை வந்தது. பெல்ட் அறுந்துவிட்டது. எங்கள் ஊரில் வண்டி நின்றால் இன்சூரன்ஸ்காரருக்குப் போன் செய்துவிட்டு, காருக்குள் ஏ.சி. இல்லாமல் வெந்துகொண்டு காத்திருப்போம். இங்கே பழனிசாமி மூடியைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் போன இரண்டு லாரிகள் நின்றுவிட்டன. மூன்று பேர் எஞ்சினுக்குள் தலையை விட்டார்கள். எங்களை யாருக்கும் தெரியாது. ஒருவர் தன் லாரியிலிருந்து பழைய பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்தார், அது சேரவில்லை. இன்னொருவர் யாருக்கோ போன் செய்தார். பைக்கில் சரியான பெல்ட் வந்தது. இதற்கிடையில் பக்கத்துக் கடையில் டீயும் அரைவேக்காட்டு முட்டையும் சாப்பிட்டோம். முட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"இந்தச் சாமி இவ்வளவு தூரம் எதுக்குங்க வந்திருக்காங்க?" என்று லாரிக்காரர் ஒருவர் பழனிசாமியிடம் கேட்டார்.

"அணுகுண்டு வேண்டாம்னு சொல்றதுக்குங்க."

"வேண்டாம்னு யாருகிட்டச் சொல்லோணும்?"

பழனிசாமி என்னைப் பார்த்தார். நான் ஃபாதரைப் பார்த்தேன். "முதல்ல நம்ம ஆளுங்ககிட்ட" என்றார் ஃபாதர். லாரிக்காரர் அதை ஏற்றுக்கொண்டதுபோல் தலையாட்டிவிட்டு, டீக்கு நாங்கள் காசு கொடுப்பதைத் தடுத்துவிட்டுப் போனார்.

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு சிற்றாலயத்தில் கூட்டம். போய்ப் பார்த்தால் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. கோழிப் பண்ணைகளில் வேலை செய்ய ஜார்க்கண்டிலிருந்து வந்த கத்தோலிக்கப் பழங்குடியினர். சிஸ்டர் ஜப்பானிய மொழியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். நான் சொன்னதை ஃபாதர் அருள் இந்தியில் சொன்னார். கேள்விகள் அதே பாதையில் திரும்பி வந்தன. சிஸ்டர் ஒரு நகைச்சுவை சொன்னார். நான் சிரித்தேன், பிறகு தமிழர்கள் சிரித்தார்கள், பிறகு ஜார்க்கண்ட்காரர்கள் சிரித்தார்கள். அதற்குள் சிஸ்டர் அடுத்த சோகமான இடத்துக்குப் போயிருந்தார்.

கடைசி வரிசையில் ஓர் இளைஞர் கையைத் தூக்கினார். அவர் சொன்னது மிகச் சிறியது. ஃபாதர் அவரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"யுரேனியம் இவங்க ஊர்ப் பக்கத்துலதான் தோண்டுறாங்களாம். இவரோட மாமா அங்கே வேலை செய்றாராம்."

சிஸ்டர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். தோண்டியது எங்கே போகிறது என்று கேட்டார். கேள்வி தமிழ் வழியாக இந்திக்குப் போனது. பதில் இந்தி வழியாகத் தமிழுக்கு வந்தது.

"தெரியாதாம். லாரியில போகுதாம்."

சிஸ்டர் நடுவில் இருந்த எல்லோரையும் தாண்டிப் போய் அந்த இளைஞரின் எதிரே நின்று குனிந்து வணங்கினார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதிலுக்குக் குனிந்தார். இருவரும் மாறி மாறிக் குனிந்தார்கள். ஜப்பானியர்களுடன் இது ஆரம்பித்தால் யார் நிறுத்துவது என்பது பெரிய சிக்கல் என்று தொழிற்சாலையிலேயே எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம். காவிரிக்கு இந்தப் பக்கம் பள்ளிபாளையம், பாலம் தாண்டினால் ஈரோடு. தெருவுக்குள் நுழைந்ததுமே விசைத்தறிச் சத்தம். கோவில் வாசலில் பெரிய பிளக்ஸ் பேனர் ஒன்று கட்டியிருந்தது. கோட் போட்ட ஓர் இளைஞர் கைகட்டி நின்றார். சிஸ்டர் அதன் முன் நின்று, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

படித்தேன். 'அணு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாகப் பதவி உயர்வு பெற்ற எங்கள் பங்கின் மைந்தன் ஜெரால்டுக்கு வாழ்த்துகள்.'

ஃபாதர் அருள் ரயில் நிலையத்தில் எங்களைப் பார்த்ததிலிருந்து முதல்முறையாக முகம் வெளுத்தார். "இது இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். சிஸ்டர் பேனரில் இருந்த இளைஞருக்குத் தலை வணங்கிவிட்டு உள்ளே போனார்.

பூசை முடிந்ததும் பங்குப் பேரவைச் செயலாளர் சவரிமுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தறிக்கூடம் வைத்திருப்பவர். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருப்பதால் ரகசியத்தையும் சத்தமாகத்தான் சொன்னார்.

"சார், ஒரு சின்ன விசயமுங்க. சிஸ்டரு ஜப்பான்ல போட்ட குண்டப் பத்தி நல்லாப் பேசட்டுமுங்க. நம்ம குண்டப் பத்தி வேண்டாமுங்க."

"ஏனுங்க?" என்றேன். மூன்று நாளில் எனக்கும் தொற்றிக்கொண்டது.

"நாம இங்க கொஞ்சப் பேருங்க. ஏற்கெனவே வெளிநாட்டுக் காசு வாங்கறோம்னு பேசறவன் பேசறான். எனக்கு எதிர்த்தாப்புல கடை வச்சிருக்கறவன் நாளைக்கு என்னப் பாத்து நாட்டுக்கு எதிரியான்னு கேட்டா, நான் என்ன சொல்லோணுமுங்க? நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க. நாங்க இங்கதான இருக்கோணும்."

நான் அதைச் சிரிக்காமல்தான் கேட்டேன். சிஸ்டரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "எனக்கு ஒரே ஒரு குண்டைத்தான் தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்" என்றார்.

அப்படியே பேசினார். கரிந்த மாதாவின் படம் கை மாறி மாறிப் போனது. யாரும் இந்தியாவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சவரிமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு நன்றியுரைக்காக எழுந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "ஒன்னு கேக்கோணுமுங்க" என்றார்.

ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். பெயர் லூர்துமேரி. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவர், கணவர் இறந்த பிறகு தனியாக நடத்துகிறார் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில்தான் என்றும் சொல்லியிருந்தார்.

"வெளிய பேனர்ல இருக்கறது எம்பட பையனுங்க. அவன் செய்யற வேலை பாவமா, இல்லீங்களா? சுத்தி வளைக்காமச் சொல்லச் சொல்லுங்க சார்."

பாவம் என்பதற்கான ஜப்பானியச் சொல்லைச் சிஸ்டர் ஜெபிக்கும்போது மூன்று நாளாகக் கேட்டிருந்தேன். அதைப் போட்டு மொழிபெயர்த்தேன். ஜப்பானிய மொழியில் பாவத்துக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல்தான் என்று பிறகு தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"உங்கள் மகன் அங்கே என்ன வேலை செய்கிறார்?" என்று சிஸ்டர் கேட்டார்.

"தெரியாதுங்க. கேட்டா 'வேலைம்மா'ங்கறான். அவங்க வெளிய சொல்லக் கூடாதாம். கரண்டுக்கா, குண்டுக்கா, எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஃபாதர் அருள் குறுக்கே வந்தார். "அம்மா, அணுகுண்டைப் போடுறது மட்டுமில்ல, வச்சிருக்கிறதே தப்புன்னு ரோமாபுரியில இருந்தே சொல்லியாச்சு. ஆனா மின்சாரம், மருத்துவம், இதெல்லாம் வேற."

"அது எனக்குத் தெரியுமுங்க ஃபாதர். நான் உங்களக் கேக்கலீங்க."

ஃபாதர் உட்கார்ந்தார். சிஸ்டர் மேசையிலிருந்து நகர்ந்து, லூர்துமேரிக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை நானும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"என் அப்பா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். மற்ற நாட்களில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை. டார்பிடோ செய்தார். தண்ணீருக்குள் போய்க் கப்பலை உடைக்கும் குண்டு. எங்கள் பங்கில் நிறையப் பேர் அங்கேதான் வேலை பார்த்தார்கள். அது பாவம் என்று எந்தக் குருவும் பிரசங்கத்தில் சொல்லவில்லை. எங்கள் மேல் குண்டு போட்ட விமானப்படையிலும் குருக்கள் இருந்தார்கள். அவர்களும் தங்கள் ஆட்களிடம் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒரே ஜெபம்தான்.

"குண்டு விழுந்த அன்று அப்பா அரிசி தேடி மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். அவருடைய முதல் மனைவியும் இரண்டு குழந்தைகளும் வீட்டில் இருந்தார்கள். அவர்களுடைய ஜெபமாலையின் சங்கிலி மட்டும் கிடைத்தது. என் அம்மாவை அதற்குப் பிறகு மணந்தார். நான் பிறந்தேன்.

"திருச்சபை இப்போது சத்தமாகச் சொல்கிறது. தாமதமாகத்தான் சொல்கிறது. குண்டு பாவம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் மகனை எனக்குத் தெரியாது. என் அப்பாவிடம் அவருடைய வேலையைப் பற்றி நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் புண்படுவார் என்று நினைத்தேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்கள் என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் மகனிடம் கேளுங்கள். சாப்பாடு போட்ட பிறகு கேளுங்கள்."

லூர்துமேரி "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டார். மருந்துச் சீட்டைப் படித்து முடித்தவர் மாதிரி இருந்தது முகம். அழவில்லை. சவரிமுத்து நன்றியுரையை மறந்துவிட்டார்.

அதன் பிறகுதான் பேரவை கூடியது. மறைமாவட்டத்திலிருந்து வந்த வேண்டுகோள் ஒன்றை அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது: ஆகஸ்டில் நாகசாகி நாளன்று கோவில் மணியை அடித்து, அணு ஆயுதம் ஒழிய ஜெபிப்பது. ஜெபிக்கலாம், மணி வேண்டாம் என்றார்கள் சிலர். மணி இல்லாமல் என்ன ஜெபம் என்றார்கள் சிலர். மணி அடித்தால் எதற்கென்று தெருவே கேட்கும் என்றார் ஒருவர். கேட்கட்டும் என்றார் ஃபாதர். பேச்சு உயர்ந்தது. கடைசியில் சவரிமுத்துவே வழி கண்டுபிடித்தார்.

"தினமும் மத்தியானம் மூவேளை ஜெபத்துக்கு மணி அடிக்கறோமுங்கல்ல? அன்னிக்கும் அடிப்போம். கொஞ்சம் ஜாஸ்தியா அடிப்போம். எதுக்குன்னு நமக்குத் தெரியும். ஆண்டவருக்குத் தெரியும். மணி யாருகிட்டயும் சொல்லாதுங்க."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இதைச் சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தவருக்குக் கிடைத்தது காரணம் சொல்லாத ஒரு மணி. சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கள் ஊரில் மதத்தைத் தடை செய்திருந்த காலத்தில் கிறிஸ்தவர்கள் இருநூற்றைம்பது வருடம் இப்படித்தான் ஒளிந்து ஜெபித்தார்கள். புத்தர் சிலை மாதிரி செய்து வைத்துக்கொண்டு மாதாவை வணங்கினார்கள். நான் அவர்களுடைய வழித்தோன்றல்" என்று சவரிமுத்துவின் முன் குனிந்தார். நான் மொழிபெயர்த்ததும் சவரிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. "பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேனுங்க" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

மத்தியானச் சாப்பாடு உண்டா, இல்லையா என்பது இப்போது யாருக்கும் நிச்சயமில்லை. ஃபாதரும் நானும் கோவில் வாசலில், பேனருக்குப் பக்கத்தில், முடிவெடுக்காமல் நின்றோம். லூர்துமேரி தெருமுனையிலிருந்தே கத்தினார்.

"ஏனுங்க அங்கயே நிக்கறீங்க? சோறு ஆறுதில்லீங்களா?"

ஊர்ப் பெயரையே வைத்த கோழி வறுவல். சின்ன வெங்காயம், கீறிய தேங்காய்ச் சில்லு, கோழிக்குச் சமமாக வரமிளகாய். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. எங்கள் ஊரில் கறியைத் தேங்காய்ப்பாலிலும் மசாலாவிலும் முக்கி எடுத்தால்தான் சமைத்ததாக அர்த்தம். இது அப்படி இல்லாமலே என்னை வியர்க்க வைத்தது. சிஸ்டர் மிளகாய்களை மட்டும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கிவிட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பழனிசாமி மிளகாயையும் சாப்பிட்டார். லூர்துமேரியின் முகத்தில் கோபத்தின் அடையாளம் எதுவும் தெரியவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

கை கழுவியதும் லூர்துமேரி கேட்டார். "சிஸ்டரு அவங்க ஊருக்குப் போய் எம்பட பையனுக்காக ஜெபிப்பாங்களா?"

நிச்சயமாக என்றார் சிஸ்டர்.

"வேலைய விடோணும்னு ஜெபிக்க வேண்டாமுங்க. அதை நான் பேசிக்கறேன். அவனுக்கு ஒரு கல்யாணம் ஆகோணும்னு ஜெபிக்கச் சொல்லுங்க. முப்பது தாண்டிருச்சு."

சிஸ்டர் இதை மிகுந்த கவனத்துடன் கேட்டு, மகனின் முழுப் பெயரையும் ஞானஸ்நானப் பெயரையும் தெளிவாகச் சொல்லச் சொல்லி, இரண்டு முறை உச்சரித்துப் பார்த்துக்கொண்டார். ஜெரால்டு என்பது ஜெராருதோ என்று வந்தது. பரவாயில்லை, ஆண்டவருக்குப் புரியும் என்றார் லூர்துமேரி.

ஈரோட்டில் ரயில் பிடிக்கப் பாலத்தின் மேல் போனோம். காவிரியில் தண்ணீர் ஓடியது. சிஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அந்த அம்மாவுக்கு என் மேல் கோபமா?" என்று கேட்டார்.

"அவ்வளவு நன்றாகச் சாப்பாடு போட்டாரே" என்றேன்.

"அதனால்தான் கேட்கிறேன்."

பழனிசாமி கண்ணாடியில் பார்த்து, சாமி என்ன சொல்றாங்க என்றார். சொன்னேன். "கோவம்தானுங்க. ஆனா சிஸ்டரு மேல இல்லீங்க" என்றார். யார் மேல் என்று கேட்பதற்குள் ரயில் நிலையம் வந்துவிட்டது.

ஆகஸ்டில் ஃபாதர் அருள் ஒரு செய்தி அனுப்பினார். பள்ளிபாளையத்தில் மணி வழக்கத்தைவிட நெடுநேரம் அடித்தது. எதிர்க் கடைக்காரர் வந்து எதற்கென்று சவரிமுத்துவிடம் கேட்டிருக்கிறார். சவரிமுத்து சொல்லிவிட்டார். ஜப்பானில் செத்தவர்களுக்காக என்று ஆரம்பித்து, யாரிடமும் இந்தக் குண்டு இருக்கக் கூடாது, நம்மிடமும்தான் என்று முடித்திருக்கிறார். கடைக்காரர், "ஓ, சரிங்க" என்றாராம். அதோடு முடிந்தது. சவரிமுத்து இரண்டு நாள் தூங்கவில்லையாம்.

கிறிஸ்துமஸ் முடிந்து லூர்துமேரியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், பையன் லீவுக்கு வந்தானுங்க. வந்தன்னிக்கே கேக்கல. திருநாள் முடிஞ்சு, சோறு போட்டு, சாப்புட்டு முடிச்ச பொறகு கேட்டேன். நீ அங்க செய்யறது குண்டான்னு. யாரு உன்னைக் கேக்கச் சொன்னதுன்னான். சிஸ்டரு அப்பா கதையச் சொன்னேன். பொறகு பைக்க எடுத்துட்டு ஆத்துப் பக்கம் போயிட்டான். இருட்டினதுக்கப்பறம்தான் ஊட்டுக்கு வந்தான். வந்து ஒன்னே ஒன்னு கேட்டானுங்க. அந்த அப்பா அதுக்கப்பறம் என்ன வேலைக்குப் போனாருன்னு. எனக்குத் தெரியலீங்க. கேட்டுச் சொல்லுங்க சார்."

சிஸ்டருக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. அப்பா ஒரு தச்சரிடம் சேர்ந்து பள்ளிக்கூடங்களுக்கு மேசையும் பெஞ்சும் செய்தார். ஊரில் எரியாத பள்ளிக்கூடமே இல்லாததால் வேலைக்குக் குறைவில்லை. வருமானம்தான் குறைவு. அம்மா கடைசி வரைக்கும் அதைப் பற்றிப் புலம்பினார்.

புலம்பலையும் சேர்த்து மொழிபெயர்த்து அனுப்பினேன். "எந்தப் பொம்பளைதானுங்க புலம்பாம இருப்பா?" என்று லூர்துமேரியிடமிருந்து பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பதிவு. இந்த முறை கடைச் சத்தம் இல்லை. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், பையன் பக்கத்து ரூம்ல இருக்கானுங்க. நாளைக்குக் கெளம்பறான். தச்சு வேலை அவருக்கு முன்னாலயே தெரியுமா, இல்ல போய்த்தான் கத்துக்கிட்டாரான்னு கேக்கச் சொல்றானுங்க."

அதையும் எழுதிக் கேட்டேன். அப்போது நாகசாகியில் நள்ளிரவு தாண்டியிருக்கும். ஆனாலும் பதில் உடனே வந்தது.

"போய்த்தான் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது."